முத்து வருமானமும் மக்கள் சம்மதமும்

(மன்னாரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அரிப்புக் கடலோரத்திலே இடிந்து நிற்கும் கட்டடத்தை நாம் அல்லிராணிக் கோட்டை என்கின்றோம். அதைக் கட்டியவள் அல்லிராணி அல்லள். முத்துக்குளிப்பை மேற்பார்வையிடும்பொருட்டு, ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை அது. நமது கடலின் செல்வத்தை அந்நிய முடி கண்காணித்த இடம்.

அந்த முடி தன் சொந்த நாட்டில் எவ்வாறு அடக்கப்பட்டது? முதலாம் சார்ள்ஸ் மன்னன் 1629 முதல் 1640 வரை பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான். ஆபத்துக் காலத்திற் கரையோரத்தார் செலுத்திவந்த கப்பற்பணத்தை, 1635இல் உள்நாட்டார்மீதும் சுமத்தினான். ஜோன் ஹம்டன் என்னும் நிலக்கிழார் இருபது சிலிங் செலுத்த மறுத்தார். இல்லாமையால் அன்று, கேட்கும் உரிமை மன்னனுக்கு இல்லை என்பதனால்! பன்னிரண்டு நீதிபதிகளுள் எழுவர் மன்னன் பக்கமே நின்றனர். ஆயினும், ஸ்கொத்லாந்துப் போர் கருவூலத்தை வறிதாக்கியபோது மன்னன் பாராளுமன்றத்தை நாடியே தீரவேண்டியதாயிற்று. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் அவன் தலை வீழ்ந்தது. பாராளுமன்றத்தின் சம்மதமின்றி முடி வரி அறவிடலாகாது என 1689இன் உரிமைச் சட்டம் விதித்தது.

அதே முடி மன்னாரில் யாருடைய சம்மதத்தைக் கேட்டது? முத்துப்பார்கள் முடிக்குரியவை என்றார்கள், அவ்வளவே! உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்குச் சிப்பியில் மூன்றிலொரு பங்கு. அரசுக்கு மூன்றில் இரண்டு. 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பிலே ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் ஈட்டியது. மறு ஆண்டே, வருடத்திற்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபதாண்டுக் குத்தகைக்கு, ஆங்கிலக் கும்பனி ஒன்றிடம் பார்களை ஒப்படைத்தார்கள். 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின.

சபை இருக்கவில்லையா? இருந்தது. 1833இல் சட்டநிரூபண சபை அமைந்தது; ஆனால் உத்தியோகத்தரே அதிற் பெரும்பான்மையினர். படைச் செலவை இலங்கையின் வருமானத்தின்மேற் சுமத்தியதை எதிர்த்து, 1864இல் லொரென்ஸ், ஜோர்ஜ் வோல் முதலிய உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் பதவி துறந்தனர். பதவியைத் துறக்க அவர்களால் முடிந்தது. பணப்பையை மூட முடியவில்லை.

இதிலே நாம் கற்கும் பாடம் என்ன? சார்ள்ஸ் மன்னனுக்குப் பணம் தீர்ந்தது. ஆகவே மக்களின் சபையை நாடினான். இங்கோ சம்மதமின்றியே பணம் கிடைத்தது; ஆகவே ஒருவரும் நம்மை நாடவில்லை. மக்கள் கையை எதிர்பாராத கருவூலம் மக்கள் குரலையும் எதிர்பாராது.

இன்று நிலை வேறு. அரசிறை மீது முழு அதிகாரமும் பாராளுமன்றத்துக்கே உரியது என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆனால் ஏட்டிலுள்ள உரிமை தானாக நடமாடாது. 2024 ஜனவரியிற் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தபோது, சவர்க்காரம் வாங்கிய ஒவ்வொருவரும் அதைச் செலுத்தினர். அவர்களுள் எத்தனை பேர் கணக்குக் கேட்டோம்?

படித்தவர்கள் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்து ஊராருக்கு விளக்குங்கள். கமக்காரர்களே, கட்டுக்கரைக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஒதுக்கியது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்று உங்கள் பிரதிநிதியைக் கேளுங்கள். ஹம்டன் மறுத்தது இருபது சிலிங். நிலைநாட்ட முயன்றது ஒரு நாட்டின் உரிமை. கணக்குக் கேளாத மக்களிடம் எந்த அரசும் சம்மதம் கேளாது!