கைநாட்டுக்குள்ளே ஒரு பாடம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் ஒரு குழுவில் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கிட்டு இருந்தோம். வயதான அக்கா ஒருத்தர் மை தடவிக் கைநாட்டு வைத்தார். கூட வந்திருந்த பேத்தி பத்தாவது படிக்கிறாள். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வருஷம் உயிரியல் உள்ள குரூப் எடுப்பாயா என்று கேட்டேன். "வேணாம்க்கா, எல்லாம் மனப்பாடம்" என்றாள்.

அவளிடம் ஒரு கதை சொன்னேன். வங்காளத்தில் ஜல்பைகுரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளரைக் கழுத்தை அறுத்துக் கொன்று, பெட்டியில் இருந்த பணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். சமையல்காரர் மேலே சந்தேகம். கூலி ஆட்கள் மேலேயும் சந்தேகம். பெட்டிக்குள் ஒரு பஞ்சாங்கம் கிடந்தது. அதன் அட்டையில் பழுப்பாக ஒரு கறை. ரத்தம்தான் என்று ஆய்வில் தெரிந்தது. அதில் பதிந்திருந்த விரல் ரேகை, முன்பு திருட்டுக்காக ஜெயிலுக்குப் போன பழைய வேலைக்காரனுடையது! 1898இல் நடந்த விசாரணையில் திருட்டுக்குத் தண்டனை கிடைத்தது. கொலையை நேரில் பார்த்தவர் இல்லாததால் கொலைக் குற்றம் நிற்கவில்லை. டி.வி. சீரியல் மாதிரி எல்லாம் அரைமணியில் முடியாதுங்க.

பிறகு பென்சிலைத் தாளில் நன்றாகத் தேய்த்து, அதில் பெருவிரலை ஒற்றி, செல்லோ டேப்பால் எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினோம். வளையம், சுழி, வில் என்று மூன்று வகை. வளையம்தான் அதிகம் பேருக்கு இருக்கும். தாய் வயிற்றில் இருக்கும்போதே ரேகை உருவாகிவிடுது. உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகை வேறதான். குழுவில் எல்லோர் விரலையும் அவள் விடாமல் ஒற்றி எடுத்தாள்.

பாட்டி விரலில் மட்டும் கோடே தெளிவாக விழவில்லை. ரேஷன் கடை மெஷினிலும் அவருக்கு இதே தொல்லைதான். "ஏன்க்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அன்று ராத்திரி அம்மாவின் போனில் தேடிப் பார்த்து, மறுநாள் அவளே எனக்குச் சொன்னாள். களை எடுத்து, மண் அள்ளித் தோலின் மேல்பரப்பு தேய்ந்துபோகுதாம். ரேகையின் அச்சு உள்தோலில் இருப்பதால், கைக்கு ஓய்வு கொடுத்தால் திரும்ப வருமாம்.

"போனைக் கொடுத்தா பிள்ளை கெட்டுப்போகுமே" என்று இங்கேயே ஒரு அக்கா கேட்டீங்க. பயம் நியாயம்தான். சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்க. பள்ளிப் புத்தகத்தில் உள்ள கியூ.ஆர். கட்டத்தைப் போனில் காட்டினால் பாட வீடியோ வரும். ஓலேப்ஸ் என்ற இணையதளத்தில் கன்னத்தின் உள்பக்கச் செல்லைப் பார்க்கும் பாடம் இருக்கு. டி.என்.ஏ. சோதனைக்கு வாயில் பஞ்சு வைத்துத் துடைத்து எடுப்பதும் அந்தச் செல்லைத்தான். ஆங்கிலம் புரியாவிட்டாலும் படம் புரியும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க பிள்ளைகள் எடுத்த ரேகைத் தாளைக் கொண்டுவாங்க. கைநாட்டு வைக்கிற அக்காமார் முதலில் காட்டணும்.