அன்னமிட்ட கையும் கணக்கெழுதும் கையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமூகநல நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலங்களில் ஆலய மண்டபத்தில் அன்னதானம் இரவு வரை நடைபெறுகிறது. கடைசிப் பந்தி எழுந்து, இலைகள் அகற்றப்பட்டு, தரை கழுவப்பட்ட பின்னர் அன்பர்கள் அவரவர் இல்லம் ஏகுகின்றனர். அவ்வாறு செல்வோருள் ஒருவரைச் சற்றே மனக்கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். தூய சட்டை அணிந்து, நெற்றியில் திருநீறு துலங்க, கையில் ஒரு பையுடன் நடக்கிறார். பேருந்து நிலையத்தைக் கடக்கிறார். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தை அடைந்து, அங்குள்ள கல்லிருக்கையில் அமர்ந்து, விளக்கொளி தணியும் வேளைக்காகக் காத்திருக்கிறார். அவர் பகலில் துப்புரவுப் பணி செய்பவராக இருக்கலாம். பல ஆண்டுகளாக இதே மண்டபத்தில் உணவருந்தி வருபவராகவும் இருக்கலாம். அவருக்குச் சோறு பரிமாறியவர்கள் பலர். இரவில் எங்கே உறங்குகிறீர்கள் என்று வினவியவர் ஒருவரும் இலர்.

இத்தகையோரின் துயர் தீர வேண்டும் என்பதில் இங்கு எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. எந்தச் செயல் அத்துயரை உண்மையாகவே தீர்க்கிறது, அதனை எவ்வாறு அறிவது என்னும் வினாக்களே இன்றைய உரையின் பொருள்.

மணிமேகலையின் இரண்டாம் செயல்

அமுதசுரபியை ஏந்திய மணிமேகலையை அறியாத தமிழர் இல்லை. பசிப்பிணி நீக்கிய அவளது முதல் செயலே பெரிதும் போற்றப்படுகிறது. ஆயினும் அக்காப்பியம் அத்துடன் நின்றுவிடவில்லை. சோழ மன்னனிடம் வேண்டி, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள் அவள். வாடியோர்க்கு உணவளித்ததோடு அமையாது, அவர்கள் அடைபட்டுக் கிடந்த இடத்தின் தன்மையையே மாற்றியது அவளது இரண்டாம் செயல். அன்னதானத்தில் சிறந்து விளங்கும் ஆலயச் சமூகம் எண்ணிப் பார்க்கத்தக்கது இந்த இரண்டாம் செயலேயாகும்.

நள்ளிரவில் எடுத்த கணக்கு

சிங்கப்பூரில் வீடற்றோர் எத்தனை பேர் என்னும் வினாவிற்கு நாடு தழுவிய விடை நெடுங்காலம் இல்லாதிருந்தது. 2019ஆம் ஆண்டில் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியைச் சார்ந்த ஆய்வாளர் இங் கோக் ஹோ அவர்களின் தலைமையில் ஏறத்தாழ 480 தொண்டூழியர்கள் இரவு வேளைகளில் தீவெங்கும் நடந்தனர். 12,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களையும் வணிகப் பகுதிகளையும் பூங்காக்களையும் பார்வையிட்டனர். வீதியில் உறங்குவோர் 921 முதல் 1,050 வரை இருப்பர் என்று அவ்வாய்வு கணித்தது.

அந்த எண் பல தப்பெண்ணங்களைக் கலைத்தது. வீதியில் கிடப்போர் சோம்பேறிகள் என்பது பரவலான எண்ணம். நேர்காணலில் பேசியோருள் பெரும்பாலோர் வேலை பார்ப்பவர்கள் என்பது தெரிய வந்தது. குறைந்த ஊதியம், நிலையற்ற வேலை, மணமுறிவு, குடும்பப் பூசல் ஆகியவை அவர்களை வெளியேற்றியிருந்தன. சிலர் பெயரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடும் இருந்தது. ஆனால் அவ்வீட்டினுள் அமைதியாக வாழ வழியில்லை.

2021ஆம் ஆண்டில் இரண்டாம் முறையாகக் கணக்கெடுக்கப்பட்டது. வீதியில் உறங்குவோர் 616 பேர் எனத் தெரிந்தது. முந்தைய 1,050 என்னும் எண்ணோடு ஒப்பிட்டால் இது 41 விழுக்காட்டுக் குறைவு. மகிழத்தக்க செய்தி அன்றோ! ஆனால் அதே ஆய்வு இன்னோர் எண்ணையும் அருகில் வைத்தது. கொள்ளை நோய்க் காலத்தில் தற்காலிகத் தங்குமிடங்களில் 420 பேர் இருந்தனர். இரண்டையும் கூட்டினால் 1,036. அதாவது, மக்கள் வீதியிலிருந்து கூரையின் கீழ் வந்தனர். அது நன்மையே. எனினும் வீடற்றோர் தொகை ஏறக்குறைய மாறாதிருந்தது. முதல் எண்ணை மட்டும் அறிவித்திருந்தால் பணி முடிந்ததென்று பலரும் கருதியிருப்பர். 2022 நவம்பரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு தன் பங்காளி அமைப்புகளுடன் ஒரே இரவில் நடத்திய கணக்கெடுப்பில், வீதியில் உறங்குவோர் 530 பேர் எனக் காணப்பட்டது.

கணக்கெடுப்பின் பயன் எண்களோடு முடிவதில்லை. இரு தனியர்கள் ஒரே வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் நெடுங்காலமாக நடைமுறையில் உண்டு. முன்பின் அறியாத இருவர், ஓர் அறை வீட்டில், மறைப்பின்றி வாழ்வது எளிதன்று. பூசல் மூண்டால் ஒருவர் மீண்டும் கீழ்த்தளத்தை நாடுவார். வீடு வழங்கியாயிற்று என்று கோப்பை மூடிவிட்டால் இது தெரியவே வராது. விண்ணப்பதாரர் தாமே துணைவரைத் தேடி வராமல், நடத்துநர் அமைப்பொன்று பொருத்தமானவரைச் சேர்த்து வைத்து, பிணக்குகளைத் தீர்க்கும் முன்னோடித் திட்டம் 2021 இறுதியில் தொடங்கியது. குறையைக் கண்டறிந்ததனால் பிறந்த திருத்தம் அது.

பின்லாந்து கண்ட வழி

வட ஐரோப்பாவில் உள்ள பின்லாந்தில் குளிர்காலத்தில் வீதியில் உறங்குவது உயிருக்கே ஆபத்து. அந்நாடு 1987 முதல் ஆண்டுதோறும் வீடற்றோரை எண்ணி வருகிறது. உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்போரையும் அக்கணக்கில் சேர்க்கிறது. தொடக்கத்தில் அவர்கள் 18,000க்கும் மேற்பட்டோராக இருந்தனர்.

தங்கும் விடுதிகள் பெருகின. ஆயினும் ஒரு சாரார் விடுதி, மருத்துவமனை, வீதி எனச் சுழன்றுகொண்டே இருந்தனர். குடியை விடு, மருந்தை ஒழுங்காக உண், பின்னர் வீடு தருவோம் என்னும் படிமுறை அவர்களிடம் பலிக்கவில்லை. ஆகவே 2008இல் தொடங்கிய தேசியத் திட்டம் வரிசையை மாற்றியது. முதலில் நிலையான வீடு; அதன் பின் அவரவர்க்கு வேண்டிய உதவி. வீடு பெற்றவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாடகை செலுத்தும் குடியிருப்பாளர். வாடகை செலுத்த உதவித்தொகை உண்டு. பூட்டும் சாவியும் அவருடையவை.

பழைய விடுதிகளே வீடுகளாக உருமாறின. ஹெல்சிங்கி நகரில் ஏறத்தாழ 250 பேர் தங்கிய விடுதி ஒன்று, ஏறத்தாழ 80 தனி வீடுகள் கொண்ட கட்டடமாயிற்று. சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதை அங்கு மீண்டும் நிகழ்ந்தது எனலாம். அந்நகரில் 1970இல் 2,121 ஆக இருந்த விடுதிப் படுக்கைகள் 2016இல் 52 ஆகக் குறைந்தன. நாடளாவிய வீடற்றோர் தொகை 2023இல் 3,429 ஆக இறங்கியது.

2024இல் அது 3,806 ஆக உயர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஏற்பட்ட உயர்வு அது. அதனையும் அந்நாடு மறைக்காது வெளியிட்டது. நற்செய்தியை மட்டும் எழுதும் ஏடு கணக்கேடு ஆகாது.

கனடாவின் தேர்வு

பின்லாந்தில் நடந்தது பிற நாடுகளிலும் நடக்குமா என்று ஐயுறுவது நியாயமே. கனடா இந்த ஐயத்தை முறையாக ஆராய்ந்தது. 2009 முதல் வான்கூவர், வின்னிபெக், டொரோண்டோ, மாண்ட்ரியால், மாங்டன் ஆகிய 5 நகரங்களில், மனநலம் குன்றி வீடற்றிருந்த 2,000க்கும் மேற்பட்டோர் இவ்வாய்வில் கலந்துகொண்டனர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் அவர்கள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர்க்கு முதலில் வீடும் உடன் உதவியும் கிட்டின. மற்றப் பிரிவினர்க்கு அந்நகரங்களில் வழக்கமாகக் கிட்டும் சேவைகள் கிட்டின.

துன்புறுவோரிடையே சீட்டுக் குலுக்குவதா என்று மனம் பதறலாம். அனைவர்க்கும் போதிய வீடு இல்லாதபோது, தெரிந்தவர்க்குத் தருவதைவிடச் சீட்டு நேர்மையானது. உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டும் குடவோலை முறையைச் சோழர்காலச் சபையார் கைக்கொண்டதும் இத்தகைய நடுநிலை கருதியே ஆகும்.

இரண்டாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கண்டறிந்த முடிவு 2014இல் வெளியாயிற்று. கடைசி ஆறு மாதங்களில், வீடு பெற்ற பிரிவில் 100க்கு 62 பேர் முழுக் காலமும் நிலையான வீட்டில் இருந்தனர். மற்றப் பிரிவில் 100க்கு 31 பேர் அவ்வாறு இருந்தனர். இவ்விரு எண்களையும் அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். ஒப்பிடுவதற்கு இரண்டாம் பிரிவு இல்லாதிருந்தால், 62 பேரும் எங்களால் மீண்டனர் என்று திட்டத்தினர் பெருமை கொண்டிருப்பர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வழக்கமான சேவைகளைக் கொண்டே மீண்டிருக்கக்கூடும். திட்டத்தின் உண்மையான பயன் எஞ்சிய 31 பேர். அதுவே மிகப் பெரிய வெற்றி.

செலவுக் கணக்கும் ஒளிவின்றி வெளியாயிற்று. தேவை மிகுந்தோர்க்குச் செலவிட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும், மருத்துவமனை முதலிய பிற செலவுகளில் சராசரியாக 9.60 டாலர் மிச்சமாயிற்று. தேவை மிதமாக இருந்தோர்க்கு அது 3.42 டாலரே. மனநோய் அறிகுறிகளும் போதைப் பழக்கமும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. வீடு எல்லாப் பிணிக்கும் மருந்தன்று. வீடின்மை என்னும் பிணிக்கு அது மருந்து என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாயிற்று.

ஆலயம் செய்யத்தக்கவை

பக்தப் பெருமக்களே! வீடு கட்டி வழங்குவது அரசின் ஆற்றலுக்குட்பட்டது. ஆயினும் வீடற்ற ஒருவர் அலுவலகப் படியேறத் தயங்கி, ஆலயப் படியைத் தயங்காது ஏறுவார். அந்த நம்பிக்கையே ஆலயத்தின் செல்வம். அதனைக் கொண்டு மூன்று பணிகள் ஆற்றலாம்.

முதலாவது, வினவுதல். பரிமாறும் தொண்டூழியருள் பக்குவம் வாய்ந்த ஓரிருவர், பந்தி முடிந்தபின் அருகமர்ந்து, ஐயா, அம்மா என்று அன்புடன் அழைத்துப் பேச வேண்டும். புகைப்படம் வேண்டா. அறிவுரையும் வேண்டா.

இரண்டாவது, இணைத்தல். அவர் இசைந்தால் மட்டுமே அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிடுவது போதாது. முதல் நாள் துணைக்குச் செல்வதே பலன் தரும்.

மூன்றாவது, கணக்கெழுதுதல். எத்தனை பொட்டலம் வழங்கினோம் என்பதை ஆலயங்கள் செம்மையாக எழுதி வைக்கின்றன. இன்னும் ஒரு பக்கம் அந்த ஏட்டில் வேண்டும். எத்தனை பேரைச் சந்தித்தோம்? ஆறு மாதம் கழித்து அவர்களுள் எத்தனை பேர் தம் சொந்தக் கதவைத் தாழிட்டு உறங்குகின்றனர்? எத்தனை பேரைக் காணவில்லை? கடைசி வினாவின் விடையே மனத்தை உறுத்தும். அதனை எழுதத் துணிவதே மதிப்பீட்டின் தொடக்கம். பெயர்கள் அடங்கிய அந்த ஏடு பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எண்கள் மட்டுமே வாசிக்கப்பட வேண்டும்.

கணக்கெழுதுவது அன்பிற்கு இழுக்கன்று. வாரியங்களில் பணியாற்றிக் கணக்குக் காட்டாது போனவரும், அவர்தம் உறவினரும், மீண்டும் பதவிக்கு வரலாகாது என்று அதே உத்திரமேரூர்க் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே விதித்துள்ளது. ஊர்ப்பொதுவிற்கு அன்று அவ்வளவு கண்டிப்பு இருந்ததெனில், ஓர் உயிரின் உறைவிடத்திற்கு இன்று அதனினும் குறைவாக இருத்தல் தகுமோ?

அடுத்த ஆண்டுத் திருவிழாவிலும் இம்மண்டபத்தில் பந்தி நடைபெறும். கல்லிருக்கையில் உறங்கும் அந்த அன்பரும் வருவார். அன்று அவர் உண்டு முடித்து எழும்போது அவரது சட்டைப்பையில் ஒரு வீட்டின் சாவி இருக்குமாயின், அன்னமிட்ட கையோடு கணக்கெழுதிய கையும் புண்ணியம் பெறும். அதற்கு எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணை நிற்பதாக!