கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுப்போம்
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



வங்கியில் டெபாசிட் போட வருபவர்கள் கால் சதவீத வட்டிக்காகப் பத்துக் கேள்வி கேட்பார்கள். நான் கவுண்டரில் இருந்து பார்த்தது. அந்தக் கவனம் இரண்டு இடங்களில் நம்மிடம் இல்லை: பள்ளி மேலாண்மைக் குழுவைத் தேர்ந்தெடுப்பது, பிரசவத்துக்கு மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இந்தக் குழுதான். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று தெருவில் நின்று புலம்பாமல், குழுவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் பெற்றோர்கள் அவசியம் போங்கள். "கூட்டத்துக்குத் தவறாமல் வருவீர்களா? கணக்கைப் பார்ப்பீர்களா?" என்று நிற்பவரிடமே கேளுங்கள்.

மருத்துவர் விஷயத்தில் "கைராசிக்காரர்" என்ற பேச்சு மட்டும் போதாது. நடுராத்திரி வலி வந்தால் யார் இருப்பார்கள்? ரத்தம் உடனே கிடைக்குமா? குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதி உண்டா? எந்த நிலையில் சிசேரியன் செய்வீர்கள்? ஆரம்பத்திலேயே கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில், நான்காம் மாதம் முதல் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு.

நம் வீட்டுப் பெண்களுக்கும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.