கொள்வோர் கூடி அமைத்த சந்தை



சாலையில் ஓடும் மோட்டார் காரை ஒரே பொருளாக எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பல்லாயிரம் பொருள்களின் கூட்டம். சின்னஞ்சிறு திருகாணி வரையில் எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள் இருக்கும் என்பர். காரின் முகப்பில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் கம்பெனி இவை அனைத்தையும் தானே செய்வதில்லை. விளக்கு ஓர் ஊரிலிருந்தும், பிரேக் மற்றோர் ஊரிலிருந்தும், கண்ணாடி வேறோர் ஊரிலிருந்தும் வந்து சேர்கின்றன. புனேயிலும் ஜாம்ஷெட்பூரிலும் குர்கானிலும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ள தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாகம் செய்து தரும் பட்டறைக்கும் அதை வாங்கும் பெரிய கம்பெனிக்கும் இடையே விலை பற்றி நடக்கும் இழுபறியை அவர்கள் நாள்தோறும் காண்பவர்கள்.

அந்த இழுபறிக்கெல்லாம் ஒரு முடிவு காண்பதாகச் சொல்லி, அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் ஒரு சந்தை எழுந்தது. அதற்குக் கடைத்தெரு கிடையாது, தராசு கிடையாது. கணிப்பொறிகளைப் பிணைக்கும் இணையத்திலேயே அது இயங்கியது. அதன் பெயர் கோவிசின்ட். அது தோன்றிய விதத்தையும், தளர்ந்த காரணத்தையும், முடிவில் எஞ்சி நின்றது எது என்பதையும் இன்று சிந்திப்போம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஹென்றி ஃபோர்டு, எல்லாவற்றையும் தாமே உண்டாக்கிக்கொள்ள விரும்பியவர். டெட்ராய்ட் நகரை அடுத்த டியர்பார்னில், ரூஜ் ஆற்றங்கரையில், 1917-இல் தொடங்கி 1928-இல் அவர் முடித்த பெருந்தொழிற்சாலையில் ஒரு புறம் இரும்புத் தாது நுழையும். மறு புறம் கார் வெளிவரும். ரப்பருக்காகப் பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் தோட்டமும் போட்டார். ஆனால் காலப்போக்கில் அவ்வழி கட்டுபடியாகவில்லை. வெளியாரிடம் வாங்குவதே சிக்கனம் என்ற முடிவுக்குக் கார்க் கம்பெனிகள் வந்தன. 1999 மே மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், பாகங்கள் செய்து வந்த தன் டெல்ஃபை பிரிவைத் தனிக் கம்பெனியாக்கிவிட்டது. 2000 ஜூன் மாதத்தில் ஃபோர்டும் அவ்வாறே விஸ்டியான் என்னும் பிரிவைப் பிரித்துவிட்டது. இவ்வாறு, காரின் அடக்கவிலையில் பெரும்பகுதி வெளியே வாங்கும் பாகங்களின் விலையாயிற்று. ஆதலால், மலிவாக வாங்குவது எப்படி என்பதே கம்பெனிகளின் முதற் கவலையாயிற்று.

இந்த நிலையில்தான் இணையம் வந்தது. 1999 நவம்பர் 2-ஆம் தேதி, ஒரே நாளில், ஃபோர்டு ஆட்டோஎக்ஸ்சேஞ்ச் என்ற பெயரிலும், ஜெனரல் மோட்டார்ஸ் டிரேட்எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரிலும் தத்தம் மின்சந்தையை அறிவித்தன. ஃபோர்டுக்கு ஆரக்கிளும், ஜெனரல் மோட்டார்ஸுக்குக் காமர்ஸ் ஒன்னும் துணை நின்றன. பாகம் தரும் சப்ளையர்களுக்கோ இது தலைவலியாயிற்று. ஒரே சப்ளையர் இரு கம்பெனிகளுக்கும் சரக்கு அனுப்புபவராக இருக்கலாம். அவர் ஒவ்வொரு சந்தைக்கும் வெவ்வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமென்றால் செலவு இரட்டிப்பாகும் அன்றோ? அவர்களுடைய முறையீடு பலித்தது. 2000 பிப்ரவரி 25-ஆம் தேதி, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டைம்லர்கிரைஸ்லர் ஆகிய மூன்றும் ஒரே சந்தை அமைக்கப்போவதாக அறிவித்தன. ரெனோவும் நிஸ்ஸானும் பின்னர் அதில் சேர்ந்தன. இக்கம்பெனிகளின் ஆண்டுக் கொள்முதல் ஏறத்தாழ 24,000 கோடி டாலர் என்று அன்று பேசப்பட்டது.

கோவிசின்ட் என்ற பெயரைப் பொறுக்கிச் சேர்த்தே ஆக்கினார்கள். முதற் பகுதி இணைப்பையும் கூட்டுறவையும், நடுப்பகுதி தெளிவாகக் காணும் திறனையும், இறுதிப் பகுதி ஒருங்கிணைப்பையும் பன்னாட்டுத் தன்மையையும் குறிக்குமாம். பெயர் எளிதில் அமைந்தது. மற்றவை அவ்வளவு எளிதில் அமையவில்லை. உலகின் கார் உற்பத்தியில் ஏறத்தாழ பாதிக்கு உரியவர்கள் ஒன்றுகூடிக் கொள்முதல் மேடை அமைத்தால், போட்டி என்னாவது? அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இக்கேள்வியை எழுப்பி ஆராய்ந்தது. ஜெர்மானியப் போட்டிக் கண்காணிப்பு அலுவலகமும் ஆராய்ந்தது. 2000 செப்டம்பரில் இரண்டும் வழிவிட்டன. எனினும், பின்னர் குறை கண்டால் தலையிடும் உரிமையை அமெரிக்க ஆணையம் தன்னிடமே வைத்துக்கொண்டது. டிசம்பரில் கோவிசின்ட் முறையான கம்பெனியாயிற்று. டெட்ராய்ட் அருகேயுள்ள சவுத்ஃபீல்டில் அதன் தலைமை அலுவலகம் அமைந்தது. நிரந்தரத் தலைமை அதிகாரி கிடைக்க 2001 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது.

இச்சந்தையின் முக்கியப் பண்டம் இறங்கு ஏலம். நம் ஊர் ஏலத்தில் ஒரு பொருளுக்குப் பலர் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். இங்கே அதற்கு நேர்மாறு. வாங்குபவர் ஒருவர்; விற்பவர் பலர். தமக்குத் தேவையான பாகத்தை வாங்குபவர் அறிவிப்பார். விற்பவர்கள் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து, போட்டியாளரின் விலையைவிடக் குறைத்துக் குறைத்துக் கேட்பார்கள். பல வாரங்கள் நடக்கும் பேரம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 2001 மே மாதத்தில் டைம்லர்கிரைஸ்லர் நான்கு நாட்களில் நடத்திய ஏலத்தின் மதிப்பு ஏறத்தாழ 350 கோடி யூரோ. கம்பெனிகள் பூரித்துப் போயின.

ஆனால் திரையின் மறுபக்கத்தில் இருந்தவர்களின் மனநிலை வேறு. சந்தையை அமைத்தவர்கள் யார்? வாங்குபவர்கள். அதன் சொந்தக்காரர்கள் யார்? அவர்களே. விற்பவர்களுக்கு அங்கே அழைப்பு இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை. மேலும், பழைய காயம் ஒன்று ஆறாமல் இருந்தது. 1992-93-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் தலைவராக இருந்த ஹோசே இக்னாசியோ லோபஸ், ஒப்பந்தங்களை மீண்டும் திறந்து விலையைக் கடுமையாகக் குறைக்கச் செய்தவர். அந்த நினைவுள்ள சப்ளையர்களுக்குக் கோவிசின்ட், அதே சாட்டையின் மின் வடிவமாகவே தோன்றியது.

பாகங்களின் இயல்பையும் இங்கே கருத வேண்டும். திருகாணி, எழுதுபொருள் போன்றவற்றை யாரிடம் வாங்கினாலும் வேறுபாடு சிறிதே; ஏலம் அவற்றுக்குப் பொருந்தும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்படியல்ல. வண்டி உருவாகும்போதே கார்க் கம்பெனியின் பொறியாளரும் சப்ளையரின் பொறியாளரும் ஒரே மேசையில் அமர்ந்து அவற்றை வடிவமைக்கிறார்கள். அச்சுகளுக்கு முன்பணம் போட வேண்டும். சோதனைகள் நடத்த வேண்டும். அடுத்த ஆண்டு ஏலத்தில் வேறொருவரிடம் போய்விடக்கூடிய வேலைக்கு யார் தம் மூளையையும் முதலையும் செலவிடுவார்கள்?

நம்பிக்கையின் பணமதிப்பை அறிய ஜப்பானிய நிகழ்ச்சி ஒன்று உதவும். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி, கரியா நகரில் ஐசின் சைகி கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று தீக்கிரையாயிற்று. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறு வால்வை, அநேகமாக முழுவதும், அங்கேதான் செய்துவந்தார்கள். கையிருப்போ சில மணி நேரத்துக்கே போதும். டொயோட்டாவின் தொழிற்சாலைகள் நின்றன. உடனே, சுமார் 200 கம்பெனிகள் உதவிக்கு வந்தன. தையல் யந்திரம் செய்யும் பிரதர் கம்பெனியும் அவற்றுள் ஒன்று. விலை பேசவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை, வால்வு செய்து கொடுத்தார்கள். சில நாட்களில் கார்கள் மீண்டும் உருவாகத் தொடங்கின. நெடுநாள் உறவு ஈட்டித் தந்த இந்த உதவி, எந்த ஏலத் திரையிலும் விலைக்குக் கிடைப்பதன்று.

கோவிசின்டுக்கு வேறு தொல்லைகளும் நேர்ந்தன. 2000 மார்ச்சுக்குப் பின் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இணையக் கம்பெனிகளின் மதிப்பு சரிந்தது. வோல்க்ஸ்வேகன் தனிச் சந்தை வைத்துக்கொண்டது. ஜெர்மனியில் பாஷ், கான்டினென்டல், இஸட்.எஃப். முதலிய சப்ளையர்களே கூடி, 2000-இல் சப்ளைஆன் என்னும் மேடையை நிறுவினார்கள். 2002 ஜூனில் கோவிசின்டின் தலைமை மாறியது. 2003 இறுதியில் அதன் ஏலப் பிரிவு ஃப்ரீமார்க்கெட்ஸ் கம்பெனிக்கு விற்கப்பட்டது. எஞ்சியதை 2004 தொடக்கத்தில் டெட்ராய்ட்டின் கம்ப்யூவேர் வாங்கியது.

எஞ்சியது எது? இதுதான் கதையின் சுவையான பகுதி. பல்லாயிரம் சப்ளையர்கள் பல கம்பெனிகளின் கணிப்பொறிகளுக்குள் செல்ல, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளச் சொல் வைத்துக்கொள்வது தொல்லை. வருபவர் யார், அவர் எந்த அறைவரை போகலாம் என்று சரிபார்த்து, ஒரே சாவியால் உள்ளே விடும் ஏற்பாட்டையும், ஆர்டர்களையும் அனுப்புச் சீட்டுகளையும் பிழையின்றிக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டையும் கோவிசின்ட் வளர்த்திருந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேரப் பயன்பட்டது அதுவே. ஆதலால் அதுவே நிலைத்தது. பின்னர் அமெரிக்க மருத்துவத் துறையும் அதைப் பயன்படுத்தியது. 2013-இல் கோவிசின்டின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2017-இல் கனடாவின் ஓப்பன்டெக்ஸ்ட் ஏறத்தாழ 10 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. உலகச் சந்தையின் அதிபதியாக விரும்பியது, வாயிற்காப்போன் வேலையால் உயிர் வாழ்ந்தது.

இது தொலைநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2016-இல் இந்திய அரசு தன் கொள்முதலுக்கெனத் தொடங்கிய ஜெம் என்னும் மின்சந்தையிலும் இறங்கு ஏல முறை உண்டு. சிறு பட்டறை வைத்திருப்பவரும் அத்திரையின் முன் அமர வேண்டிய காலம் வந்துவிட்டது. திறந்த போட்டியால் முன்பின் அறியாத புதியவருக்கும் வாசல் திறக்கிறது, அது நன்மையே. ஆயினும், தம் அடக்கவிலை எவ்வளவு, எந்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை ஏலம் தொடங்கும் முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நலம். திரையில் எண்கள் இறங்கும் வேகத்தில் கணக்குப் போட நேரம் இராது.

வாங்குவோரும் ஒன்றை நினைக்க வேண்டும். 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பத் தொடங்கிய சென்னை சுந்தரம் ஃபாஸனர்ஸ், சிறந்த சப்ளையர் என்ற விருதை அக்கம்பெனியிடமிருந்தே பலமுறை பெற்றது. குறித்த நாளில் சரக்கு வரும், அதில் பழுது இராது என்ற உறுதியை ஆண்டுக்கணக்கில் காத்ததற்குக் கிடைக்கும் பெயர் அது. கடைசி நயாபைசாவையும் பிழிந்தெடுத்த பின், தீப்பிடித்த நாளில் உதவிக்கு வரச் சப்ளையரிடம் வலுவும் இராது, மனமும் இராது. விலையைக் குறைக்கும் கருவி வாங்குவோர் கையில் இருக்கலாம். எந்தப் பொருளுக்கு, எந்த அளவுக்கு அதைப் பயன்படுத்துவது என்ற நிதானமும் உடன் இருக்க வேண்டும்.