கொம்பனி திறக்க முதல்: அந்தக் கையெழுத்து எங்கே போகுது?

(மொன்றியல் டவுன்டவுனில் நடந்த எங்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இடதுசாரிக் கூட்டத்தில் கொம்பனி பதிவதைப் பற்றிப் பேச்சா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இங்கே இருக்கிற கனபேரிடம் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வழியில் வந்திருக்கும். "சாப்பாட்டு ஓடர் எடுத்துச் செய்வம், ஒரு பேர் பதிவமா?" என்று நண்பர்கள் கேட்பினம். "பிள்ளை, கடை உன்ர பேரிலயும் இருக்கட்டும், இதில ஒரு சைன் வை" என்று அப்பா கேட்பார். "வேலை இருக்கு, ஆனா கொம்பனி திறந்திட்டு வா" என்று ஒரு முதலாளி சொல்லுவார். மூன்று பேரும் ஒரே பதிவு அலுவலகத்துக்குத்தான் எங்களை அனுப்புகினம். ஆனால் விளைவு மூன்றும் வேறு வேறு.

முதலில் அடிப்படை. பதிவு செய்வதும் இன்கோர்ப்பரேட் செய்வதும் ஒன்றில்லை. உங்கள் முழுப் பெயரிலேயே தனியாளாகத் தொழில் செய்தால் பொதுவாகப் பதியவே தேவையில்லை. வேறு பெயர் வைத்தால், தொடங்கி 60 நாளுக்குள் கியூபெக் நிறுவனப் பதிவாளரிடம் பதிய வேணும். அப்போது 'நெக்' என்று சொல்லும் 10 இலக்க எண் கிடைக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்களும் தொழிலும் ஒரே ஆள்தான். தொழிலின் கடன் உங்கள் கடன்.

இன்கோர்ப்பரேட் செய்தால் சட்டத்தில் புதிதாக ஓர் 'ஆள்' பிறக்கிறார். கியூபெக் சட்டத்தின் கீழும் செய்யலாம், கனடாச் சட்டத்தின் கீழும் செய்யலாம். கனடாவுக்கு ஒன்லைனில் 200 டொலர் கட்டினாலும், கியூபெக்கில் தொழில் செய்ய இங்கேயும் பதிய வேணும். எண்ணைப் பார்த்தே வகை தெரியும்: 22 இல் தொடங்கினால் தனியாள், 11 என்றால் கொம்பனி, 33 என்றால் பெரும்பாலும் பங்காளிகள். பெயர் 1977 ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்துக்கு ஏற்றதாக இருக்க வேணும். எபிசெரி என்ற பிரெஞ்சுச் சொல்லோடு எங்கட ஊர்ப் பெயரைச் சேர்க்கலாம், ஊர்ப் பெயரோடு ஆங்கிலச் சொல்லை மட்டும் வைத்துப் பதிய ஏலாது. நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் இரண்டு விற்பனை வரிக்கும் ரெவெனு கியூபெக்கில் பதிவதும் கட்டாயம்.

அந்தப் புது 'ஆள்' யாரைக் காப்பாற்றுகிறார்? இதற்கு லண்டன் சப்பாத்துத் தொழிலதிபர் சாலமன் வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிப்பினம். அவர் 1892 இல் தன் தொழிலைத் தானே உருவாக்கிய கொம்பனிக்கு விற்றார். அந்தக் காலத்தில் ஏழு பங்குதாரர் வேணும். மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மிச்சம் 20,001 பங்கையும் தானே வைத்துக்கொண்டார். கொம்பனி விழுந்தபோது, அதன் கடனுக்கு அவர் பொறுப்பில்லை என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்தது. இன்றைக்கு கியூபெக்கில் ஒரே ஒரு ஆள் போதும், ஆறு உறவினர் தேவையில்லை.

ஆனால் எங்கட ஆக்களின் சின்னக் கடைகளில் இந்தக் கவசம் பாதியிலேயே கிழிந்துவிடும். வங்கியும் கட்டிடச் சொந்தக்காரரும் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பினம். அதில் கையெழுத்து வைத்தால் 'வரையறுத்த பொறுப்பு' அவர்களிடம் செல்லாது. அப்போ கவசம் யாருக்கு எதிராக மிஞ்சுது? உத்தரவாதம் கேட்கப் பலம் இல்லாதவருக்கு எதிராக: கடனுக்கு மரக்கறி போட்டவர், கோப்பை கழுவினவர்.

இதைச் சட்டம் ஓரளவு தெரிந்துதான் வைத்திருக்கு. கொம்பனி கொடுக்காத சம்பளத்தில் ஆறு மாதச் சம்பளம் வரைக்கும் அதன் இயக்குநர்களிடம் தனிப்பட்ட முறையில் கேட்கலாம். கொம்பனி மீது ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட்டும் காசு வரவில்லை, அல்லது கொம்பனி வங்குரோத்து என்றால் இந்த வழி திறக்கும். சம்பளத்தில் பிடித்துக் கட்டாமல் விட்ட வரிக்கும் இயக்குநர் பொறுப்பாகலாம். ஆகவே "சும்மா ஒரு சைன்" என்று ஒன்று இல்லை. அப்பாவை நம்புவது ஒரு விசயம், இயக்குநராகப் பெயர் போடுவது வேறு விசயம். கணக்கைப் பார்க்க விடுகிறார்களா என்று முதலில் கேளுங்கோ. விலகினால், விலகியது பதிவேட்டிலும் மாற்றப்பட்டதா என்று பாருங்கோ.

இனி மூன்றாவது கேள்வி, எனக்கு மிகவும் முக்கியமானது. 2024 மே மாதம் லவாலில் ஓர் அமேசன் களஞ்சியத் தொழிலாளர் சி.எஸ்.என் தொழிற்சங்கத்தில் அங்கீகாரம் பெற்றார்கள். 2025 ஜனவரி 22 இல் கியூபெக்கில் இருந்த ஏழு நிலையங்களையும் மூடுவதாக அமேசன் அறிவித்தது. 1,700 நிரந்தரத் தொழிலாளருக்கு வேலை போனது. சங்கம் காரணமில்லை என்றது நிறுவனம். அதற்குப் பதிலாக, உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் மூலம் பொதி விநியோகிக்கும் பழைய முறைக்குத் திரும்புவதாகச் சொன்னது. கவனியுங்கோ, 'உள்ளூர்ச் சிறுதொழில்' என்ற இனிமையான சொல் இங்கே என்ன வேலை செய்யுது! ஒரு பெரிய முதலாளிக்கு முன்னால் நின்ற தொழிலாளர், பல சின்ன முதலாளிகளுக்குக் கீழ் சிதறிப் போயினம்.

அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒற்றை ஆள் கொம்பனி. லொறி ஓட்டுநர்களிடம் இது பரவிக் கிடக்குது. லொறியும் நேரமும் பாதையும் முதலாளியுடையவை, 'இன்க்' மட்டும் ஓட்டுநருடையது. விடுமுறைச் சம்பளம், மேலதிக நேரம், வேலையிழப்புக் காப்புறுதி எல்லாம் கைநழுவும். மத்திய தொழிற்சட்டம் அதன் கீழ் வருகிற துறைகளில் இப்படி வகை மாற்றிக் காட்டுவதை 2021 இலிருந்து தடை செய்திருக்கு. கியூபெக் குடியியல் சட்டக்கோவையிலும் வேலை ஒப்பந்தத்தின் அடையாளம் அடுத்தவரின் கட்டளைக்குக் கீழ் வேலை செய்வதுதான். காகிதத்தில் என்ன பெயர் எழுதினாலும், நேரத்தையும் முறையையும் யார் தீர்மானிக்கிறார் என்பதே முதலாவது கேள்வி. இப்படி மாட்டுப்பட்டவர்கள் ஒரு வருடம் போக விடாமல் சி.என்.இ.எஸ்.எஸ்.டி-யிடம் முறையிட வேணும். 2000 இலிருந்து இயங்கும் புலம்பெயர் தொழிலாளர் மையத்திடமும் போகலாம்.

அப்போ எங்கட சமையல் குழு என்ன செய்யலாம்? இன்னொரு படிவமும் இருக்கு: தொழிலாளர் கூட்டுறவு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. இது எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாமார் அரிசி வாங்கினது சங்கக்கடையில்தான். கண்ணூரில் பீடி முதலாளிகள் தொழிற்சாலையை மூடியபோது, தொழிலாளர் 1969 இல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். இங்கேயும் டெஜார்டான் 1900 இல் லெவியில் கூட்டுறவாகவே பிறந்தது. கொன்கோர்டியாவின் ஹைவ் கஃபேயும் கூட்டுறவுதான்.

கூட்டுறவு என்றவுடன் எல்லாம் சரியாகாது. வரி அதே வரிதான், பாத்திரமும் தானாகக் கழுவுப்படாது. டெஜார்டான் எவ்வளவு பெரிதாகி, எவ்வளவு வங்கி மாதிரி ஆகிவிட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் யார் தீர்மானிப்பது என்ற கேள்வி முதல் நாளே எழுத்தில் வந்துவிடும்.

கடைசியாக ஒரு வீட்டுவேலை. பதிவாளரின் பதிவேடு ஒன்லைனில் இலவசம். 2023 மார்ச் 31 இலிருந்து கொம்பனியின் உண்மையான பயனாளிகளையும் அறிவிக்க வேணும். 2024 ஜூலை இறுதியிலிருந்து ஆளின் பெயரைக் கொடுத்தும் தேடலாம். இன்று இரவு உங்கட பெயரைப் போட்டுத் தேடுங்கோ. பிறகு உங்களுக்குச் சம்பளம் தருகிற கொம்பனியைத் தேடுங்கோ. என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அடுத்த சந்திப்பில் கதைப்பம்.