120 மணி நேரம் யாருக்கு?

(மும்பையில் மாணவர்-பெற்றோர் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



காந்தியார் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, மைய அரசு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. என்.எஸ்.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். முதலில் 37 பல்கலைக்கழகங்கள். சுமார் 40,000 மாணவர்கள். சேர்ந்தவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் மக்கள் பணி செய்யவேண்டும். இரண்டு ஆண்டுக்கு 240.

நல்ல திட்டம்தான். ஆனால் அந்த மணி நேரம் எங்கே போகிறது? நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், கல்லூரி மைதானத்தைக் கூட்டினோம், அட்டை பிடித்து ஊர்வலம் போனோம் என்கிறார்கள். ஒருநாள் முதியோர் இல்லம் போய், வாழைப்பழம் கொடுத்து, படம் எடுத்துத் திரும்புவதும் உண்டு. பழம் கொடுப்பது தவறில்லை. வாங்கியவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்தால் அதைப் படிப்பென்று நாம் ஒப்பமாட்டோம்.

தாராவிச் சந்துகளுக்கு வாருங்கள் என்கிறோம். திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து, தோல் கிடங்கிலே சுண்ணாம்புத் தொட்டியிலே கைவிட்டு உழைத்த தாத்தாமார் இங்கே இருக்கிறார்கள். ரேகை தேய்ந்த விரலை எந்திரத்தில் வைத்தால், ஆதார் 'பொருந்தவில்லை' என்கிறது! உழைத்த கைக்கு இந்த நாடு கொடுத்த பட்டம் அது. முகத்தைக் காட்டியே உயிர்ச்சான்று கொடுக்க இன்று வழி உண்டு. பி.எப். ஓய்வூதியம் வாங்கும் பெரியவருக்கு, செல்போன் வைத்திருக்கும் பேரப்பிள்ளை அதைச் சில நிமிடத்தில் முடித்துத் தரலாம். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் வரிசையில் நிற்கிறார் அவர்.

முதியோர் உதவித்தொகையையும் பாருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 வயதுக்குட்பட்ட முதியவருக்கு மைய அரசின் பங்கு 2007-இல் மாதம் 200 ரூபாய். 2024 வரை ஒரு ரூபாய் ஏறவில்லை. மாநிலம் தன் பங்கைச் சேர்ப்பதால்தான் கொஞ்சம் மூச்சு. பொருளாதாரம் படிக்கும் தம்பி, ஒரு பாட்டியோடு அமர்ந்து, அந்தப் பணத்தில் மருந்து எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போடட்டும். விலைவாசி என்ற பாடம் அங்கே விளங்கும்.

கொடுப்பது மாணவர், வாங்குவது முதியவர் என்று எண்ணவேண்டாம். 1976 ஜனவரியில் குடிசைக் கணக்கெடுப்பு நடந்தது, போட்டோபாஸ் வழங்கினார்கள். அந்தத் தாள் இன்றும் எத்தனையோ வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் இங்கே இருந்தோம் என்று காட்டவேண்டிய குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய சொத்து! எந்தப் பெட்டி, எந்தத் தாள், யார் பேரில் என்பது ஆச்சிக்குத்தான் தெரியும். ஆச்சி போய்விட்டால் யாரைக் கேட்பீர்கள்?

1960-களின் இறுதியில் தென்னிந்தியர் கடைகள் தாக்கப்பட்டபோது இந்தச் சந்தில் என்ன நடந்தது? அடைக்கலம் கொடுத்த மராத்தியர் வீடு எது? 1982-இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது நம்மவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? எந்தப் பாடநூலில் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்! எழுதி வையுங்கள். தமிழில் எழுத வராத பிள்ளைகள் (இங்கே பலர் உண்டு, தலை குனியவேண்டாம்) மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். தமிழை அந்தத் தாத்தாவிடமே கற்றுக்கொள்ளலாம்.

கல்லூரி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான்: ஒரு மாணவர், ஒரு பெரியவர், ஓராண்டு. அந்த மணி நேரத்தைக் கணக்கில் சேருங்கள். வருகைப் பதிவில் பேராசிரியர் கையெழுத்தோடு அந்தப் பெரியவரின் கையெழுத்தும், இல்லையேல் கைநாட்டும் இருக்கட்டும். எந்திரம் ஏற்காத ரேகையை நாம் ஏற்போம்.

தனியாக வாழும் பெரியவர்களின் பட்டியலைத் தெருவாரியாகச் சங்கம் எடுக்கப்போகிறது. அவசரத்துக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகம் வாருங்கள். நோட்டும் பேனாவும் போதும்.