ஹலாலுடன் தூய்மையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

சில ஆண்டுகளுக்கு முன் வலிப்பு நோயுற்ற ஒரு சிறுவனை ஓதிப் பார்க்குமாறு என்னிடம் அழைத்து வந்தனர். ஓதினேன், தண்ணீரிலும் ஓதிக் கொடுத்தேன். "மருத்துவரிடமும் காட்டுங்கள்" என்று சொல்ல மட்டும் தவறினேன். அத்தவற்றால் பல மாதங்கள் வீணாயின. பின்னர் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. பன்றியிடம் காணப்படும் நாடாப்புழுவால் வந்தது என்றார் மருத்துவர். தந்தையோ, "பன்றி இறைச்சியை நாங்கள் தொட்டதே இல்லையே!" என்று பதறினார்.

அன்பர்களே! அந்த ஐயம் நம் அனைவருக்கும் எழக்கூடியதே. சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் இப்புழு வளரும். அதன் முட்டைகள் அவருடைய மலத்தோடு வெளியேறும். கழுவாத கையாலோ, அசுத்த நீராலோ, பச்சைக் காய்கறியாலோ அம்முட்டை பிறர் வயிற்றை அடைந்தால், அங்கே பொரித்து, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து மூளையில் சென்று தங்கும். ஆண்டுகள் கழித்தும் வலிப்பாக வெளிப்படும். எனவே மூளைக்கு வரும் நோய்க்குக் காரணம் இறைச்சியன்று. மலம் கலந்த உணவும் நீருமே. சைவ உணவு உண்போருக்கும் இது வருகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அம்மாவட்டத்தில் நடத்தி, 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுவே காரணம் எனக் கண்டனர். பன்றியை விலக்கி வாழும் நியூயார்க் நகர யூதக் குடும்பங்களிலும் இந்நோய் வந்ததை 1992ஆம் ஆண்டு மருத்துவர்கள் பதிவு செய்தனர். ஆகவே விலக்கப்பட்டதை உண்ணாமையொன்றே நமக்குக் காப்பு ஆகாது.

அல்லாஹ் தன் திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில், ஹலாலானதை உண்ணுமாறு கூறுமிடத்தில் 'தய்யிப்' என்னும் தூய்மையையும் சேர்த்தே கூறுகின்றான். நாமோ முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை மறந்தோம். வலீமா விருந்தில் ஆடு முறைப்படி அறுக்கப்பட்டதா என்று விசாரிக்கிறோம். பிரியாணியோடு வைக்கும் தயிர் வெங்காயத்தை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், நறுக்கிய கை கழுவப்பட்டதா என்று எவரும் கேட்பதில்லை. செங்கல்பட்டின் ஏரிக்கரையாயினும் மாமல்லபுரத்துக் கடற்கரை மணலாயினும், திறந்தவெளியில் கழிக்கப்படும் மலம் மழைநீரோடு கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் வந்து சேரக்கூடும். நடைபாதையிலும் நிழலிலும் நீர்த்துறையிலும் மலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் அன்றே கண்டித்துத் தடுத்தார்கள். இதில் பிற சமுதாயத்தாரைக் குறை கூற நமக்கு இடமில்லை; குறை தூய்மையின்மையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. வலிப்புள்ள பிள்ளையை, குறிப்பாகப் பெண்பிள்ளையை, திருமணத்திற்கு அஞ்சி மறைக்கின்றோம். நபி (ஸல்) அவர்களிடம் வலிப்புள்ள ஒரு பெண்மணி வந்து முறையிட்டதைப் புகாரி, முஸ்லிம் நூல்கள் அறிவிக்கின்றன. பொறுமை கொண்டால் சுவனம் உண்டு என்று நபியவர்கள் கூற, அவர் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுமாறு வேண்டினார். நபியவர்களும் துஆச் செய்தார்கள். அண்ணலார் அவரை இழித்துரைக்கவில்லை. நாம் யார் இழித்துரைக்க? மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அவர்களே. முறையாக மருந்து உண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனவே ஜமாஅத்தாரிடம் நான் வேண்டுவன:

ஒன்று, பள்ளியின் கழிவறைகளிலும் ஒளூச் செய்யும் இடத்திலும் எந்நாளும் சோப்பு இருக்க நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். ரமளான் கஞ்சி காய்ச்சுவோரும் விருந்து சமைப்போரும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே பாத்திரத்தைத் தொடட்டும்.

இரண்டு, வலிப்பு கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிடில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் உள்ளது. பூச்சி மாத்திரையைத் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூளையில் கட்டி இருப்பின் அதுவே வலிப்பைத் தூண்டலாம்.

மூன்று, நோன்பிற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்ற இயலுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இயலாதெனில் நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

அந்தச் சிறுவன் அல்லாஹ்வின் அருளால் நலமடைந்து இன்று நம் மதரஸாவில் ஓதுகின்றான். இனி ஓதிப் பார்க்க என்னிடம் எவர் வந்தாலும் ஓதுவேன். ஓதி முடித்ததும் மருத்துவமனைக்கு அனுப்புவேன். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வல்ல அல்லாஹ் நம் உணவையும் உடலையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.